பேரிடர் நன்கொடை: நம்பகமான தொண்டு நிறுவனத்தைக் கண்டறிவது எப்படி?

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைக் குடியிருப்புகளை நிலச்சரிவு அடித்துச் சென்றது. மீட்புப் பணி முடியும் முன்பே கேரள முதலமைச்சர் இன்னொரு அறிவிப்பையும் வெளியிட வேண்டியிருந்தது. முதலமைச்சரின் பேரிடர் நிவாரண நிதிக்காகக் கொடுக்கப்பட்டிருந்த க்யூஆர் குறியீடு தவறாகப் பயன்படுத்தப்பட வாய்ப்பிருப்பதால் அது விலக்கிக்கொள்ளப்படும் என்றார் அவர். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 2020 மார்ச் இறுதியில், பிஎம் கேர்ஸ் நிதி அறிவிக்கப்பட்ட ஓரிரு நாள்களிலேயே, அதன் யுபிஐ முகவரியில் 'கேர்ஸ்' என்பதன் கடைசி எழுத்தை மட்டும் விட்டுவிட்ட போலி முகவரி ஒன்று புழக்கத்துக்கு வந்தது. டெல்லி காவல்துறை எச்சரித்த பிறகு ஸ்டேட் வங்கி அதை முடக்கியது. பிரதமர், முதலமைச்சர் பெயரிலான நிதிகளுக்கே இந்த நிலை என்றால், முதல் தடவையாகப் பெயர் கேள்விப்படும் ஓர் அறக்கட்டளையிடமிருந்து வாட்ஸ்அப்பில் கோரிக்கை வரும்போது படிப்பவர் குழம்புவதில் வியப்பில்லை.

இந்தக் குழப்பத்தால் சிலர் கண்ணில் பட்ட முதல் படத்துக்குப் பணம் அனுப்பிவிடுகிறார்கள். வேறு சிலர், எதை நம்புவது என்று தெரியாததால், எதுவுமே கொடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். இழப்பின் அளவைப் பார்த்தால் இரண்டாவதே பெரியது என்று கருதுகிறேன். ஏமாந்தவரின் கதை செய்தியாகிறது. கொடுக்க மனமிருந்தும் தயங்கி நின்றவரின் பணம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

'இந்த நிறுவனம் நம்பகமானதா?' என்று நாம் கேட்கும்போது உண்மையில் மூன்று தனித்தனிக் கேள்விகளை ஒன்றாகக் கட்டிக் கேட்கிறோம்.

1. நான் அனுப்பும் பணம் நான் நினைக்கும் நிறுவனத்தின் கணக்குக்குத்தான் போகிறதா?
2. அந்த நிறுவனம் யாருக்காவது கணக்குக் காட்டச் சட்டப்படி கடமைப்பட்டதா?
3. அந்தப் பணத்தை, பாதிக்கப்பட்ட அந்த ஊரில், பயனுள்ள வேலையாக மாற்றும் திறன் அதற்கு உண்டா?

பெரும்பாலோர் இரண்டாவது கேள்விக்கு ஒரு பதிவுச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, மற்ற இரண்டுக்கும் அதுவே பதில் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் பதிவுச் சான்று மூன்றாவது கேள்விக்கு எந்தப் பதிலும் தருவதில்லை, நன்கொடையின் பலனை முடிவு செய்வதோ அந்த மூன்றாவது கேள்விதான்.

அடிப்படை: நிவாரணப் பணம் எந்தெந்த வழிகளில் போகிறது

1. மாநிலப் பேரிடர் நிவாரண நிதி. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி அமைந்த இந்த நிதிக்குப் பெரும்பாலான மாநிலங்களில் மத்திய அரசு 75 விழுக்காடும் மாநில அரசு 25 விழுக்காடும் தருகின்றன. இது வரிப்பணம். நம் நன்கொடைக்கும் இதற்கும் தொடர்பில்லை. 'அரசிடம் நிதி இருக்கிறதே, நாம் ஏன் தர வேண்டும்?' என்ற கேள்வி எழுவது இந்த நிதியையும் அடுத்து வருவதையும் ஒன்றாக நினைப்பதால்தான்.

2. முதலமைச்சர் பொது நிவாரண நிதி, பிரதமரின் தேசிய நிவாரண நிதி போன்றவை. பிரதமரின் நிதி 1948 ஜனவரியில், பிரிவினையால் இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கு உதவத் தொடங்கப்பட்டது. பட்ஜெட் ஒதுக்கீடு இல்லாமல் மக்கள் தரும் பணத்தில் மட்டும் இயங்குகிறது. இவ்வகை நிதிகளில் பணம் சேர வேண்டிய இடத்துக்குச் சேரும் என்ற உறுதி அதிகம். எந்த ஊருக்கு, எந்த வேலைக்கு என்று முடிவெடுக்கும் உரிமை கொடுப்பவரிடம் இருப்பதில்லை.

3. பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்கள். பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் 'டிரஸ்ட்' என்கிறோம். சட்டத்தில் மூன்று வடிவங்கள் உண்டு: அறக்கட்டளைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யப்படும் அறக்கட்டளை, தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் வரும் சங்கம், 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் 8ஆம் பிரிவின் கீழ் வரும் லாபநோக்கற்ற நிறுவனம். மூன்றாவது வகையின் ஆண்டுக் கணக்குகளைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் சிறு கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கலாம். முதலிரண்டு வகைகளுக்கு அப்படி ஒரு பொது வாசல் இல்லாததால், அவை தாமே கணக்கை வெளியிடுகின்றனவா என்பது முக்கியமாகிறது.

4. பதிவில்லாத குழுக்கள். ஊர் இளைஞர் மன்றம், மீனவ பஞ்சாயத்து, ஜமாஅத், பங்குக் கோயில், கல்லூரி நண்பர் குழு. முதல் மூன்று நாள்களில் இடுப்பளவு தண்ணீரில் சோற்றுப் பொட்டலம் கொண்டு போகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

5. இணையவழிப் பொதுநிதித் திரட்டல். இங்கே பார்க்க வேண்டியது தளத்தின் பெயரைவிட, திரண்ட பணத்தை எடுக்கப்போகிறவர் யார் என்பதைத்தான்.

முதல் கேள்வி: பணம் யார் கணக்கில் விழுகிறது?

மோசடியில் பெரும்பகுதி புதிய அறக்கட்டளை தொடங்கி நடப்பதில்லை. இருக்கிற நல்ல பெயரை இரவல் வாங்கித்தான் நடக்கிறது. உண்மையான நிறுவனத்தின் சின்னம், உண்மையான வெள்ளப் படம், உண்மையான பதிவு எண் எல்லாம் சரியாக இருக்கும். அடியில் உள்ள க்யூஆர் கட்டம் மட்டும் வேறொருவருடையதாக இருக்கும். ஆகவே பகிரப்பட்டு வந்த படத்தில் உள்ள குறியீட்டை நேரடியாக ஸ்கேன் செய்யாமல், அந்த நிறுவனத்தின் இணையதள முகவரியை நாமே தட்டச்சு செய்து, அங்கிருக்கும் வங்கி விவரத்தைப் பயன்படுத்துவதே முதல் பாதுகாப்பு.

இரண்டாவது பாதுகாப்பு யுபிஐ செயலியிலேயே இருக்கிறது. பின் எண்ணை அழுத்துவதற்கு முன்னுள்ள திரையில் பெறுபவரின் பெயர் வரும். வங்கியில் பதிவாகியுள்ள பெயரையே செயலிகள் காட்ட வேண்டும் என்று யுபிஐயை நடத்தும் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் 2025இல் உத்தரவிட்டிருப்பதால், அந்தப் பெயர் இப்போது முன்னைவிட நம்பத்தக்கது. ஓர் அறக்கட்டளைக்கு அனுப்புவதாக நினைத்துக்கொண்டிருக்கும்போது தனிமனிதர் ஒருவரின் பெயர் அந்தத் திரையில் வந்தால், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். 'நிறுவனக் கணக்கில் ஒரு சிக்கல், தற்போதைக்கு எங்கள் பொருளாளர் கணக்குக்கு அனுப்புங்கள்' என்ற விளக்கம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உண்மையையும் பொய்யையும் வெளியிலிருந்து பிரித்தறிய வழியில்லாத ஒரு நிலைக்கு நம்மை அழைக்கும் எந்த நிறுவனமும், அந்த நேரத்தில், பணம் பெறத் தயாராக இல்லை என்றே பொருள்.

தவறான இடத்துக்குப் பணம் போய்விட்டது என்று தெரிந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு நகர்த்தப்படுவதற்கு முன் முடக்க முடிகிறதா என்பது புகார் எவ்வளவு விரைவாகப் போகிறது என்பதைப் பொறுத்தது.

இரண்டாவது கேள்வி: 80ஜி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

நன்கொடைக் கோரிக்கைகளில் மிக அதிகமாகத் தென்படும் சொல் '80ஜி'. இதை அரசு கொடுத்த நற்சான்றிதழாகப் பலர் கருதுகிறார்கள். வருமான வரிச் சட்டத்தில் தொண்டு நிறுவனங்களுக்கு இரண்டு பதிவுகள் உண்டு. 12ஏ அல்லது 12ஏபி என்பது நிறுவனத்தின் வருமானத்துக்கு வரிவிலக்குத் தருகிறது. 80ஜி என்பது கொடுப்பவருக்கு வரிக்கழிவு தருகிறது. அறநோக்கங்கள் ஆவணத்தில் எழுதப்பட்டுள்ளனவா, செயல்பாடுகள் அவற்றுக்குப் பொருந்துகின்றனவா என்று வருமான வரித்துறை பார்க்கிறது. பயனாளிகளின் வீட்டுக்குப் போய்த் தார்ப்பாய் வந்ததா என்று பார்ப்பதில்லை. 2021க்குப் பிறகு இந்தப் பதிவுகளைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை, வழக்கமாக ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை, புதுப்பித்தாக வேண்டும் என்பதால், 'எங்களுக்கு 1998இலேயே 80ஜி கிடைத்துவிட்டது' என்ற பதில் இன்று போதாது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்ததால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறிவிட்டன. மக்கள் வழக்கில் 80ஜி என்ற பெயரே நிற்பதால் இங்கும் பழைய எண்களையே பயன்படுத்துகிறேன்.

வரிச்சலுகையின் அளவிலும் தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. சாதாரணத் தொண்டு நிறுவனத்துக்கு 10,000 ரூபாய் கொடுத்தால் பெரும்பாலும் அதில் பாதி, அதாவது 5,000 ரூபாய்தான், வரிக்குரிய வருமானத்திலிருந்து கழியும். 30 விழுக்காடு வரி கட்டுபவருக்கு மிச்சமாவது, செஸ் என்ற கூடுதல் வரியையும் சேர்த்து, 1,560 ரூபாய். பிரதமர், முதலமைச்சர் நிவாரண நிதிகளுக்கு முழுத்தொகையும் கழியும். புதிய வரிமுறையைத் தேர்ந்தவருக்கு இந்தக் கழிவே கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது. அரிசி, போர்வை என்று பொருளாகக் கொடுத்தாலும் கிடையாது. ஆகவே வரிச்சலுகையை முன்னிறுத்தும் கோரிக்கையால் இன்று பலருக்குப் பயனே இல்லை.

அப்படியானால் இந்தப் பதிவுகளைப் பார்ப்பது வீணா? இல்லை. கொடுப்பவருக்கு அவை சோதனைக் கருவிகளாக உதவும். ஒரு ரசீதையும் ஒரு சான்றிதழ் நகலையும் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் பின்வருபவற்றைப் பார்க்கலாம்.

1. பான் எண்ணின் நான்காவது எழுத்து. பத்து எழுத்து கொண்ட பான் எண்ணில் நான்காவது ஆங்கில எழுத்து, எண்ணின் உரிமையாளர் எந்த வகை என்பதைச் சொல்கிறது. அறக்கட்டளைக்கு 'டி', பலர் சேர்ந்த அமைப்புக்கு 'ஏ', கம்பெனிக்கு 'சி', தனிநபருக்கு 'பி'. அறக்கட்டளை என்று அச்சிட்ட ரசீதில் உள்ள பான் எண்ணின் நான்காவது எழுத்து 'பி' என்றால், அது ஒரு தனிமனிதரின் எண்.

2. பதிவு எண்ணும் பான் எண்ணும். 2021க்குப் பிறகு வழங்கப்பட்ட 12ஏபி, 80ஜி பதிவு எண்கள் அந்த நிறுவனத்தின் பான் எண்ணோடுதான் தொடங்குகின்றன. ரசீதில் உள்ள பான் எண் வேறாக இருந்தால் சான்றிதழ் இன்னொருவருடையது.

3. 10பிஇ சான்றிதழ். நிதியாண்டு முடிந்த பின், மே 31க்குள், 80ஜி பெற்ற நிறுவனம் ஒவ்வொரு நன்கொடையாளரின் பெயரையும் தொகையையும் 10பிடி என்ற படிவத்தில் வருமான வரித்துறைக்குத் தெரிவித்து, அவர்களுக்கு 10பிஇ சான்றிதழ் தர வேண்டும். சென்ற ஆண்டு கொடுத்தவர்களுக்கு அது வந்ததா என்று கேளுங்கள். பளபளப்பான ஆண்டறிக்கையைவிட இந்த ஒரு தாள் கூடுதலாகப் பேசும், ஏனென்றால் இதில் எழுதிய தொகை துறையின் பதிவேட்டிலும் ஏறிவிடுகிறது.

4. 'கார்பஸ்' என்ற சொல். ரசீதில் 'கார்பஸ் நிதிக்காக' என்று அச்சாகியிருந்தால், உங்கள் பணம் மூலதனமாக வைக்கப்பட்டு அதன் வருவாய் மட்டும் செலவாகும் என்று பொருள். நாளை மறுநாள் தார்ப்பாய் வாங்குவதற்காக நீங்கள் கொடுத்த பணம் அது அல்ல. கார்பஸ் நிதி சட்டப்படி முறையானது, ஒரு பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ தேவையானதும்கூட. ஆனால் அதற்குக் கொடுப்பவரின் தெளிவான சம்மதம் வேண்டும். ரசீதுப் புத்தகத்திலேயே அந்த வரியை அச்சடித்து வைத்து எல்லோருக்கும் கிழித்துக் கொடுப்பது சம்மதம் பெறுவது ஆகாது. இதை யாரும் கவனிப்பதில்லை என்பது வருத்தமானது.

5. தர்ப்பண் எண். நிதி ஆயோக்கின் என்ஜிஓ தர்ப்பண் தளத்தில் ஒரு நிறுவனம் இடம்பெற்றிருப்பது, அது தன் விவரங்களை அங்கே பதிந்திருக்கிறது என்பதையே காட்டும். அதைத் தேடிப் பார்த்து, பொறுப்பாளர்களின் பெயர்களும் முகவரியும் நிறுவனம் நம்மிடம் சொன்னவற்றோடு பொருந்துகின்றனவா என்று ஒப்பிடலாம். அதற்கு மேல் அந்த எண்ணுக்கு எடை கொடுக்க வேண்டியதில்லை.

நிர்வாகச் செலவு பற்றிய தவறான அளவுகோல்

'நூறு ரூபாயில் எத்தனை ரூபாய் மக்களுக்குப் போகிறது?' என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அதிலிருந்து, 'நிர்வாகச் செலவு குறைவாக உள்ள நிறுவனமே நல்லது' என்ற முடிவுக்குப் போவது ஆபத்தானது. அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்களை மதிப்பிடும் முன்னணி அமைப்புகளான கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் மூன்றும் 2013இல் கூட்டாக ஒரு திறந்த கடிதம் வெளியிட்டு, இந்த விகிதத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள் என்று நன்கொடையாளர்களைக் கேட்டுக்கொண்டன.

நிர்வாகச் செலவு என்ற தலைப்பின் கீழ் என்னவெல்லாம் வருகிறது என்று பார்த்தால் காரணம் புரியும். வீடு வீடாகப் போய்ப் பயனாளிப் பட்டியலைச் சரிபார்ப்பவரின் சம்பளம், அரிசி மூட்டை நனையாமல் வைக்கும் கிடங்கின் வாடகை, கணக்காளர், தணிக்கையாளர் கட்டணம். இவற்றை வெட்டினால் விகிதம் அழகாகும்; ஒரே குடும்பத்துக்கு நான்கு முறை நிவாரணம் கிடைத்து, தெருக்கோடியில் இருப்பவருக்கு ஒன்றும் கிடைக்காமல் போனதைக் கண்டுபிடிக்க ஆள் இருக்காது. வெளிநாட்டு நிதி பெறும் நிறுவனங்கள் அந்தப் பணத்தில் 20 விழுக்காட்டுக்கு மேல் நிர்வாகத்துக்குச் செலவிடக் கூடாது என்று வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. அதற்கு முன் அந்த வரம்பு 50 விழுக்காடாக இருந்தது.

'நீங்கள் கொடுப்பதில் நூறு விழுக்காடும் மக்களுக்கே' என்று விளம்பரம் செய்யும் நிறுவனத்திடம் கேட்க வேண்டியது ஒன்றே: அப்படியானால் உங்கள் ஊழியரின் சம்பளத்தை யார் தருகிறார்கள்? ஒரு நிறுவனமோ குடும்பமோ தனியாகத் தருகிறது என்று பெயரோடு பதில் வந்தால் நல்லது. பதில் மழுப்பலாக இருந்தால் அந்த நூறு விழுக்காடு உண்மையாக இருக்க வாய்ப்பில்லை.

மூன்றாவது கேள்வி: களத்தில் செய்ய முடியுமா?

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்தில் நடந்தவை, இந்தக் கேள்விக்கு விரிவான பாடமாக இன்றும் இருக்கின்றன. அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். உலகம் முழுவதிலுமிருந்து உதவி குவிந்தது. பேரலை தாக்கிய நாடுகள் அனைத்துக்குமாகச் சேர்ந்த பன்னாட்டு உதவி ஏறத்தாழ 1,350 கோடி டாலர் என்று ஆழிப்பேரலை மதிப்பீட்டுக் கூட்டமைப்பு 2006இல் கணக்கிட்டது. பாதிக்கப்பட்ட ஒருவருக்கு 7,000 டாலருக்கும் அதிகம். அதே 2004இல் வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்குக் கிடைத்தது தலைக்கு 3 டாலர் என்று அதே மதிப்பீடு ஒப்பிட்டது. அதாவது நாகப்பட்டினத்தில் சிக்கல் பணப் பற்றாக்குறை அல்ல.

வந்து இறங்கிய நிறுவனங்களில் பல அந்தக் கடற்கரையை அதற்கு முன் பார்த்ததில்லை. மீனவர்கள் படகு இழந்திருந்தார்கள், ஆகவே படகு கொடுத்தார்கள். படகு கண்ணுக்குத் தெரியும், பெயர் எழுதலாம், படம் எடுக்கலாம். இழந்ததைவிட அதிகமான ஃபைபர் படகுகள் வந்து சேர்ந்த கிராமங்கள் உண்டு. கட்டுமரத்தில் போனவருக்கும் கூலிக்குப் போனவருக்கும் படகு கிடைத்ததில் நன்மையும் இருந்தது. ஆனால் அதே மீனைப் பிடிக்கக் கூடுதல் படகுகள் கடலுக்குள் போயின. இதே நேரத்தில், கூடையில் மீன் சுமந்து விற்ற பெண்களும், உப்புநீர் ஏறிய வயலில் கூலிவேலை இழந்த தலித் குடும்பங்களும், முகத்துவாரங்களில் இறால் பிடித்து வாழ்ந்த இருளர்களும் பல பட்டியல்களில் இல்லாமலே போனார்கள். படகு இழக்காதவர் பாதிக்கப்பட்டவர் அல்லர் என்று வெளியூர்க்காரருக்குத் தோன்றியதே காரணம். அந்தச் சமூகத்தோடு பல ஆண்டுகள் பழகியவருக்கு அப்படித் தோன்றியிருக்காது.

எல்லா ஊரிலிருந்தும் லாரி லாரியாக வந்த பழைய துணிகள் சாலையோரங்களில் கொட்டிக் கிடந்ததையும் அப்போது நாகை சென்றவர்கள் மறக்கவில்லை. எல்லாம் இழந்து நிற்கும் ஒருவர் கிழிந்த, அழுக்கான துணியைக் கையில் வாங்க மறுத்தது முற்றிலும் நியாயம். அந்தக் குவியல்களை அப்புறப்படுத்தவே நிர்வாகம் ஆள் போட வேண்டியிருந்தது. பொருளாகக் கொடுக்க விரும்புகிறவர், களத்தில் இருக்கும் நிறுவனம் அன்றைய தேதியில் எழுத்தில் கேட்டிருக்கும் பொருளை மட்டும், புதிதாக, வகை பிரித்து அனுப்புவது நல்லது. மற்றபடி பணமே மேல். பணம் பாதிக்கப்பட்ட ஊரின் கடையிலேயே செலவாகும்போது அந்தக் கடைக்காரரும் எழுந்து நிற்கிறார்.

2005 ஜனவரியில் நாகையில் தொண்டு நிறுவனங்கள் ஒருங்கிணைப்பு மற்றும் வள மையம் உருவானபோது நிலைமை சீரடையத் தொடங்கியது. அதைத் தொடங்கியதில் முன்நின்றவை தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும், அந்த மாவட்ட மீனவப் பெண்களிடையே நெடுங்காலம் வேலை செய்துவந்த சிநேகா என்ற தொண்டு நிறுவனமும். எந்த ஊரில் யார் எதைக் கொடுக்கிறார்கள் என்று ஒரே இடத்தில் பதிவு செய்து, மாவட்ட நிர்வாகத்தோடு பேச முடிந்ததற்குக் காரணம், அவர்கள் பேரலைக்கு முன்பே அங்கே இருந்தவர்கள் என்பதே.

பெரிய பெயரும் பெரிய தொகையும் இதற்கு ஈடாகாது என்பதற்கு ஹெய்ட்டி சான்று. 2010 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் ஏறத்தாழ 50 கோடி டாலர் திரட்டியது. அமெரிக்கச் செய்தி அமைப்புகளான ப்ரோபப்ளிகாவும் என்பிஆர் வானொலியும் 2015இல் நடத்திய புலனாய்வு, அந்த அமைப்பு கட்டிக்கொடுத்த நிரந்தர வீடுகள் ஆறு மட்டுமே என்று கண்டது. வாடகை உதவி, தற்காலிக வீடு, பழுதுபார்த்தல் ஆகியவற்றால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இருப்பிடம் கிடைத்ததாகச் சங்கம் வாதிட்டது. இரு தரப்பையும் படித்தால் ஒன்று தெளிவாகிறது: 'இத்தனை பேர் பயனடைந்தனர்' என்ற ஒற்றை எண்ணுக்குள் ஒரு வீடும் இருக்கலாம், ஒரு மாத வாடகையும் இருக்கலாம். அறிக்கையில் அந்த எண் உடைத்துக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எதிர்த்திசையில் ஒரு நிகழ்வும் உண்டு. 2005 ஜனவரித் தொடக்கத்தில், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, ஆழிப்பேரலைப் பணிக்குத் தன்னால் செலவழிக்க முடிந்த அளவுக்குப் பணம் வந்துவிட்டது, இனி அதற்காக அனுப்ப வேண்டாம் என்று பகிரங்கமாகச் சொன்னது. ஏற்கனவே அனுப்பியவர்களிடம், மீதத்தை வேறு நெருக்கடிகளுக்குப் பயன்படுத்தலாமா, அல்லது திருப்பித் தரட்டுமா என்று கேட்டது. மிகச் சிலரே திருப்பிக் கேட்டார்கள். மற்ற அமைப்புகள் சில அப்போது இதை விரும்பவில்லை. தன் திறனின் எல்லையை அறிந்து, வருகிற பணத்தை நிறுத்தும் துணிவுள்ள ஒரு நிறுவனத்தின் கணக்கை நான் கூடுதலாக நம்புவேன்.

இவற்றிலிருந்து, கொடுப்பதற்கு முன் நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை பின்வருமாறு அமைகின்றன. தொலைபேசியில் ஒரு முறை கேட்டாலே போதும்.

1. இந்த மாவட்டத்தில் இந்தப் பேரிடருக்கு முன் என்ன வேலை செய்தீர்கள்? 'முதல் முறை வருகிறோம்' என்றால், உள்ளூரில் யாரோடு சேர்ந்து செய்கிறீர்கள்?
2. பயனாளிகளை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? பட்டா இல்லாதவர், வாடகைக்கு இருப்பவர், குடும்ப அட்டை இல்லாதவர் பட்டியலில் எப்படி வருவார்கள்?
3. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு நீங்கள் செய்யும் வேலை தெரியுமா?
4. இந்தப் பேரிடருக்கென்று கொடுக்கும் பணம் மிஞ்சினால் என்ன செய்வீர்கள்?
5. முந்தைய பேரிடரில் செலவழித்த கணக்கை எங்கே படிக்கலாம்?

இந்த ஐந்தில் இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலைத்தான் நான் முதலில் கவனிப்பேன். களத்தில் இருப்பவர் உடனே ஓர் ஊரின் பெயரையும் அங்கே விடுபட்ட ஒரு தெருவையும் சொல்வார்; இல்லாதவர் 'மிகவும் ஏழைகளுக்குக் கொடுக்கிறோம்' என்று நிறுத்திவிடுவார்.

பதிவில்லாத சிறு குழுக்களிடம் 80ஜி கேட்பது பொருளற்றது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, தாமிரபரணிக் கரை ஊர்களுக்குச் சாலை அறுந்து கிடந்தது. அத்தகைய நாளில் உணவு கொண்டு சேர்ப்பது பக்கத்து ஊர்க்காரரால் மட்டுமே முடியும். அவர்களுக்குத் தரலாம், ஆனால் அந்தக் குழுவில் ஒருவரையாவது நமக்கு நேரில் தெரிந்திருக்க வேண்டும், தொகை சிறிதாக இருக்க வேண்டும், உணவு, குடிநீர், மருந்து போன்ற உடனடிச் செலவுக்காக இருக்க வேண்டும். வரவையும் செலவையும் ஒரு தாளில் எழுதிப் படமெடுத்துப் பகிர்ந்தால், அந்த அளவுக்கு அதுவே முறையான கணக்கு. வீடு கட்டித் தருகிறோம் என்று அதே குழு லட்சக்கணக்கில் திரட்டத் தொடங்கினால், பதிவு பெற்ற நிறுவனத்துக்கு உரிய எல்லாக் கேள்விகளும் அவர்களுக்கும் பொருந்தும்.

வெளிநாட்டிலிருந்து அனுப்புவோர் அறிய வேண்டியது

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர், எந்த நாட்டில் வசித்தாலும், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவது வெளிநாட்டு நிதியாகக் கருதப்படுவதில்லை. வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றவர் தருவது, அவரிடம் இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், வெளிநாட்டு நிதியே. அதைப் பெற அந்த நிறுவனத்துக்கு 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பணம் முதலில் ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் உள்ள அதற்கான தனிக் கணக்குக்கே வர வேண்டும். லண்டனிலோ டொரான்டோவிலோ உள்ள வேற்று நாட்டுக் குடிமகனிடம் 'ஊரிலுள்ள எங்கள் சாதாரணக் கணக்குக்குப் போடுங்கள்' என்று ஒரு நிறுவனம் சொன்னால், அது தன் பதிவையே ஆபத்தில் வைக்கிறது.

2020 திருத்தத்தின் இன்னொரு விளைவை வெளிநாட்டுத் தமிழர்கள் பலர் அறியவில்லை. வெளிநாட்டு நிதியைப் பெற்ற ஓர் இந்திய நிறுவனம் அதை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது. ஆகவே டெல்லியிலோ சென்னையிலோ உள்ள பெரிய நிறுவனத்துக்கு அனுப்பினால் அது வேதாரண்யத்தில் உள்ள சிறிய சங்கத்துக்குப் பிரித்துக் கொடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. களத்தில் தன் சொந்த ஊழியர்களை வைத்துள்ள நிறுவனத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

தாம் வாழும் நாட்டிலேயே பதிவான அமைப்பு வழியாகத் தருபவர்களுக்குச் சோதிப்பது எளிது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சாரிட்டி கமிஷனின் பதிவேட்டில் நிறுவனத்தின் எண்ணை இட்டால் வருமானம், செலவு, கணக்குத் தாக்கல் தாமதமா என்பது வரை இலவசமாகக் காணலாம். கனடாவில் வருவாய்த் துறையின் பட்டியலும், ஆஸ்திரேலியாவில் தொண்டு ஆணையத்தின் பதிவேடும் இப்படியே. சிங்கப்பூரில், வெளிநாட்டு நிவாரணத்துக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டத் தொண்டு ஆணையரின் அனுமதி வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது மலையகத்துக்கென்று புலம்பெயர் நாடுகளில் பல குழுக்கள் நிதி திரட்டின. அத்தகைய குழுவிடம், தான் வாழும் நாட்டில் அதற்கு உள்ள பதிவைக் கேட்பதோடு, இலங்கையில் பணத்தைப் பெறும் அமைப்பு எது, அது அங்கே பதிவானதா என்றும் கேட்பது அவசியம். சங்கிலியில் இரண்டு கண்ணிகள் இருக்கும்போது ஒன்றை மட்டும் சோதிப்பது பாதி வேலைதான்.

எப்போது கொடுப்பது?

நன்கொடை வருவது பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில். தொலைக்காட்சியில் படம் நின்றதும் வரத்தும் நின்றுவிடும். தேவை அந்தக் கால அட்டவணையில் ஓடுவதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்தபோது தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. முதல் வாரத்தின் தேவை குடிநீர், மெழுகுவத்தி, தார்ப்பாய், மரம் அறுக்கும் இயந்திரம். முதல் மாதத்தின் தேவை, விழுந்த மரங்களைத் தோப்பிலிருந்து அப்புறப்படுத்தும் கூலி. அதன் பிறகுதான் உண்மையான இழப்பு தொடங்கியது. மாதாமாதம் தேங்காய் வெட்டில் வீட்டுச் செலவையும் கல்லூரிக் கட்டணத்தையும் பார்த்துக்கொண்டிருந்த குடும்பத்துக்கு அந்த வருமானம் ஒரே இரவில் நின்றது, கடன் மட்டும் நிற்கவில்லை.

ஆகவே கொடுக்க நினைக்கும் தொகையைப் பிரித்து, ஒரு பகுதியை உடனடி உதவிக்கும் மற்றொரு பகுதியை ஆறு மாதம் கழித்தும் கொடுக்கலாம். ஆறு மாதம் கழித்து அதே நிறுவனத்தை அழைத்தால், முதல் தவணை எப்படிச் செலவானது என்ற கணக்கும் அதற்குள் தயாராக இருக்க வேண்டும். அந்த நிறுவனம் இன்னும் அந்த ஊரில் இருக்கிறதா, அல்லது பதாகையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டதா என்பதும் அப்போது தெரிந்துவிடும். இருக்கிறது என்றால் இரண்டாவது பகுதியை அதற்கே கொடுங்கள். கஜாவுக்குப் பின் நெட்டை ரகத் தென்னம்பிள்ளை நட்டவர்கள் முதல் குலையைப் பார்க்க ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுகளில் ஊடுபயிருக்கு விதையும், சொட்டுநீர்க் குழாயும், இரண்டு ஆடும் யாராவது கொடுத்திருந்தால் அது எந்தச் செய்தியிலும் வந்திருக்காது.